இடுப்புக்குள் விழுந்த மடிப்பு

துறைமுகத்தில் அவரைப் பருந்து என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவே கீழே பார்த்தே இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி லாரியில் பூப்போல வைப்பார். அவர் வைத்த பிறகும் அதிர்வே தெரியாமல் லாரிக்காரன், "அண்ணே, வெச்சாச்சா?" என்று கேட்பான்.

அந்த வேலையை நிமிர்ந்து உட்கார்ந்து செய்ய முடியாது. நெஞ்சு முழங்காலை முட்டுகிற மாதிரி குனிந்தே கிடக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் அடிமுதுகு பிடித்துக்கொண்டது. கீழே இறங்கிய பிறகும் கூனிக்கொண்டேதான் நடப்பார்.

"என்னண்ணே தேடுறீங்க?" என்று கூட வேலை பார்க்கும் பையன் எவனாவது கிண்டலடிப்பான்.

"உன் மூளையைத்தாண்டா. ஆப்பிடவே மாட்டேங்குது."

தொப்பை குறைந்தால் முதுகு சரியாகும் என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தினமும் காலையில் நூறு சிட்-அப். மல்லாந்து படுத்து எழ வேண்டும், மறுபடி படுக்க வேண்டும். கால் தூக்காமலிருக்க மனைவி அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்து எண்ணுவாள். "எழுபத்தொண்ணு... ஏங்க, இது அரைதான், சேத்துக்க மாட்டேன்." பிள்ளையில்லாத வீடு. ஷிப்ட் வேலையில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அந்தக் கால் மணி நேரம்தான்.

வயிறு வற்றியது. வலி மட்டும் ஏறியது. நூறை நூற்றைம்பது ஆக்கினார்.

வருஷாந்திரப் பரிசோதனையில் தேறினால்தான் கேபினுக்கு ஏற விடுவார்கள். இந்த வருஷம் ஆஸ்பத்திரியில் மேஜை விளிம்பில் படுக்க வைத்து, ஒரு முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மற்றத் தொடை மேஜையில் படிய வேண்டும். படியவில்லை. கூடாரக் கம்பு மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. கையால் அமுக்கினால் இடுப்பு மேலே எழும்பியது.

பிசியோதெரபி செய்யும் பெண் விளக்கினாள். "முதுகெலும்புல ஆரம்பிச்சு, குடலுக்குப் பின்னால இறங்கி, தொடை எலும்புல ஒட்டுற தசை சார். காலைத் தூக்கி வைக்கிறதுக்கு, நேரா நிக்கிறதுக்கு எல்லாம் அது வேணும். வருஷக்கணக்கா மடங்கியே இருந்து குறுகிப்போச்சு. நீங்க நிமிர்ந்தா அது முதுகெலும்பைப் பிடிச்சு இழுக்குது."

"அதுக்குத்தான் தினமும் நூத்தம்பது சிட்-அப் பண்றேனேம்மா," என்று பெருமையாகச் சொன்னார்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "காலை யாராவது அமுக்கிப் பிடிப்பாங்களா?"

"என் சம்சாரம் உக்காந்துக்குவா."

"காலைப் பிடிச்சா வயித்தைவிட இந்தத் தசைதான் சார் அதிகமா இழுக்கும். நாள் பூரா மடங்கிக் கிடந்ததை வீட்லயும்..." வாசலில் மனைவி நிற்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"மறுபடி மேல ஏறலாமாம்மா?"

"நீட்டி நீட்டிப் பழக்கினா ஆறேழு மாசத்துல நேரா நடக்கலாம். கேபின்ல போய் உக்காந்தா மறுபடி குறுகும். நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

பஸ்ஸில் மனைவி அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "மூணு வருஷம். நானே மேல உக்காந்து..." என்றாள்.

"நீ என்ன புல்டோசரா? இருக்கிறது நாப்பத்தஞ்சு கிலோ. விடு."

அவள் சிரிக்கவில்லை. அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமையிலிருந்து அவருக்குத் துறைமுக வாசலில் வேலை. வெளியே போகும் கன்டெய்னர்களின் கதவில் போட்டிருக்கும் சீல் நம்பரைச் சரிபார்க்க வேண்டும். மாட்டிக்கொள்ள ஆரஞ்சுச் சட்டை கொடுத்தார்கள்.

"ஒரே ஒரு தடவை மேல போயிட்டு வந்துடறேன் தம்பி. செருப்பு கேபின்ல கிடக்கு," என்று சூப்பர்வைசரிடம் கேட்டார்.

அவன் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினான். "நேத்தே இறக்கிட்டோம்ணே."

பையை வாங்கிக்கொண்டார். வாசலுக்கு இருநூறு அடி தூரம். நேராக நடக்கப் பார்த்தார். பத்தடிதான் நிமிர்ந்து நடக்க வந்தது.