வெள்ளையடித்த மாடியும் காயாத வடாமும்

என் கணவர் சாம்பசிவனுக்கு ஆபீஸிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். அவருக்குள் இருக்கும் ஆபீஸுக்கு ஓய்வு கொடுக்க மறந்துவிட்டார்கள். முப்பத்துநாலு வருடம் அரசாங்கக் கோப்பு பார்த்த மனிதர். தேங்காய் வாங்கிண்டு வாங்கோ என்றால்கூட ஒரு தாளில் எழுதி, நம்பர் போட்டு, என்னிடம் கையெழுத்து கேட்பார். இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்துவதற்கே எனக்கு ஒரு கோவில் கட்டலாம்.

போன மார்ச்சில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினார். ‘கோடையில் வீட்டைப் பசுமை வீடாக்குதல் தொடர்பான நடவடிக்கைகள்’ என்று தலைப்பு. முதல் நடவடிக்கை: ஏசி கிடையாது.

எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். எங்களுடையது பழைய ஓட்டுக்கூரையை எடுத்துவிட்டுக் காங்கிரீட் போட்டது. ஏப்ரலில் படுக்கையறையில் படுத்தால் தோசைக்கல்லில் கிடக்கிற மாதிரி இருக்கும். கழுத்தைச் சுற்றி எனக்கு வேர்க்குரு. பெங்களூரில் இருக்கும் பிள்ளை அனந்த், “நான் வாங்கித் தரேம்மா” என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் இவரிடம் இத்தனை ஆசையாக எதையும் கேட்டதில்லை.

“விஜயம், நீயும் விட மாட்டே, நானும் விட மாட்டேன். ஒப்பந்தமா ஒரு கரார் எழுதிடலாம்” என்றார்.

எழுதினார். டெரஸுக்கு வெள்ளையடித்து, மற்ற ஏற்பாடெல்லாம் முடித்தபின், சித்திரை விஷுவுக்கு முன்னால் பத்து நாள் மதியம் இரண்டு மணிக்கு ஹாலில் வெப்பமானி பார்க்க வேண்டும். முப்பத்துமூன்று டிகிரிக்கு மேல் இருந்தால் ஏசி. கீழே இருந்தால் இந்த ஜென்மத்தில் நான் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

ஆரியசாலைக் கடைத்தெருவிலிருந்து மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு வந்தது. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடி முழுக்க மூன்று பூச்சு பூசினார். மூக்கு நுனி வரைக்கும் வெள்ளை. ஜன்னலுக்கெல்லாம் ராமச்சத் தட்டி, அதுதான் வெட்டிவேர்த் தட்டி, தொங்கவிட்டு மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்தார். அரிசி களைந்த தண்ணீர்கூடக் குழாயடிக்குப் போகாமல் பாகல் கொடிக்குப் போனது.

இரண்டு மணிக்கு அவர் குறட்டை விடும் நேரம். அதனால் வெப்பமானி பார்த்து ரெஜிஸ்டரில் எழுதும் வேலையை என்னிடமே கொடுத்துவிட்டார். இப்படியும் ஒரு அப்பாவி உண்டோ!

முதல் நாள் பார்த்தேன். முப்பத்தொன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அதே முப்பத்தொன்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெப்பமானியைக் கழற்றி ஃபிரிட்ஜுக்குப் பின்னால், உஷ்ணக் காற்று வரும் இடத்தில், ஒரு பழைய ஆணியில் மாட்டினேன். பத்து நிமிஷத்தில் முப்பத்தைந்து! அதை எழுதிவிட்டு, மறுபடியும் ஹாலில் மாட்டிவிட்டேன். பத்து நாளும் இதுதான். பொய் எழுதவில்லை பாருங்கள், வெப்பமானி காட்டியதைத்தான் எழுதினேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் ரெஜிஸ்டரைப் புரட்டினார். போனை எடுத்து, ஏசி மாட்டும் பிபினை மறுநாள் வரச் சொன்னார். நான் சமையலறையில் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

இதற்கு நடுவில் என் வடாம். வருஷா வருஷம் விஷுவுக்கு முன்னால் டெரஸில் துணி விரித்துப் பிழிந்துவிடுவேன். அடுத்த வீட்டுப் பத்மப்ரியாவும் அதே நாளில்தான் பிழிவாள். இந்தத் தடவை மாவுகூட ஒன்றாகத்தான் கிளறினோம். அவளுடையது இரண்டே நாளில் சலசலவென்று காய்ந்து டப்பாவுக்குள் போய்விட்டது. என்னுடையது நாலாம் நாளும் துணியை விடமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிய்த்து மோந்து பார்த்தேன். புளித்த நாற்றம்!

வந்ததே எனக்குக் கோபம். படியில் தடதடவென்று இறங்கினேன். ஹாலில் பிபின் ஸ்டூல்மேல் ஏறிச் சுவரை அளந்துகொண்டிருந்தான். எனக்கு யாரும் கண்ணில் படவில்லை.

“என்ன பண்ணித் தொலைச்சேள் என் டெரஸை? நட்ட நடு வெயில்ல வெறுங்காலோட நடக்கறேன், சில்லுன்னு இருக்கு! தரைல ஒரு பொட்டு சூடு இல்ல! அப்பறம் வடாம் எப்படிக் காயும்?”

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மேல சில்லுன்னு இருக்கு. கீழ முப்பத்தஞ்சு. எழுதி வெச்சுக்கறேன்” என்றார்.

“உங்களுக்கு... தெரியுமா?”

“மூணாம் நாளே தெரியும். ஹால்ல மாட்டற வெப்பமானில ஒட்டடை எப்படி வரும்? ஃபிரிட்ஜுக்குப் பின்னால எட்டிப் பாத்தேன்.”

“அப்பறம் எதுக்கு இவனைக் கூப்ட்டேள்?”

“இத்தனை வருஷத்துல நீ ஒரு பைசா களவு பண்ணினதில்ல, விஜயம். களவு பண்ணியாவது ஒண்ணு வேணும்னு நினைச்சிருக்கே. வாங்கிடலாம்னு தோணித்து.”

பாவி மனுஷன்! திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

“அம்மா, ஏசி வேணுமோ வேண்டாயோ?” ஸ்டூல்மேல் நின்றபடி பிபின் கேட்டான்.

“வேண்டாம். நீ எறங்கிக் காப்பி குடிச்சுட்டுப் போ” என்றேன். கையெழுத்துப் போட்ட கராருக்கு எனக்கும் கொஞ்சம் மானம் ரோஷம் உண்டு.

ஆனால் வடாம்? அதை விட்டுக்கொடுக்க நான் ஒன்றும் மகாத்மா இல்லை. மாடியில் ஒரு கட்டில் அகலத்துக்குச் சுண்ணாம்பைச் சுரண்டித் தர வேண்டும் என்று நானே ஒரு தாளில் எழுதி, நம்பர் போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டார். காலையில் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுரண்டவும் ஆரம்பித்தார்.

எந்த இடத்தில் சுரண்ட வேண்டும் என்று சாக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தது நான்தான். அதற்கு நேர் கீழேதான் அவர் மதியம் தூங்கும் கட்டில் கிடக்கிறது.