டாக்டரம்மா வண்டி

வண்டியை வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர், இன்சூரன்சில் என் பெயர். ஆனால் குன்னூரிலிருந்து கூடலூர் வரைக்கும் அதற்கு ஒரே பெயர்தான்: டாக்டரம்மா வண்டி. பங்கில் போய் நின்றால், பெட்ரோல் போடுகிறவர் மூடியைத் திறப்பதற்கு முன்னால் அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்பார். கேட்பது என் அம்மாவைப் பற்றி அல்ல. நடுவட்டத்தில் ஒரு டீக்கடைக்காரர் கடையை விட்டு ரோட்டுக்கே இறங்கி வந்து, இன்ஜின் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, அவங்க ஓட்டறப்ப இன்னும் கொஞ்சம் சன்னமா இருக்குமுங்க என்றார். டீ நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கடையில் நான் நிறுத்துவதில்லை.

அது ஜப்பானில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, கையால் மடக்கி விடுகிற மேற்கூரை, தரையோடு தரையாக உட்கார வேண்டும். இந்த மலைக்கும் மழைக்கும் அது பொருந்தவே பொருந்தாது. அதை வைத்துக்கொண்டு அந்த டாக்டரம்மா இருபது வருடத்துக்கு மேல் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் பிரசவம் பார்த்திருக்கிறார். கிளென்மார்கன் பக்கம் தேயிலைத் தொழிலாளர் லயத்து வீட்டில் ஒருத்திக்கு வலி கண்டால், லவ்டேலில் இருந்து இந்தச் சிவப்பு வண்டிதான் கிளம்பிப் போகும். அப்படி ஓடி ஓடி மீட்டர் இரண்டு லட்சத்து எழுபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இன்ஜினை ஒரு தடவைகூடப் பிரித்ததில்லை. இதை இங்கே உள்ள மெக்கானிக்குகள் சாமி கதை சொல்வதுபோல் சொல்வார்கள்.

எனக்கு அந்த அம்மாள் மேல் பொறாமை வண்டி வாங்கிய பிறகு வந்ததல்ல. நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், புடவையில் சாக்பீஸ் தூளோடு பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். கூரையைத் திறந்துவிட்டு, ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, ஒரு கையை வெளியே போட்டபடி அவர் போவார். என்னை விடப் பதினைந்து வயது மூத்தவர். அழகி என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஸ்டாப்பை ஒட்டிய வளைவில் அவர் கியரைக் குறைக்கும்போது எழும் சத்தம் இருக்கிறதே, அது என் வயிற்றில் போய்த்தான் நிற்கும். இன்னும் இருபது நிமிடம் பஸ் வராது என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும்.

அவர் ஓய்வு பெற்று, கோயமுத்தூரில் மகள் வீட்டோடு போய் இருக்க முடிவு செய்தபோது, வண்டியைக் கேட்டுப் பெங்களூரிலிருந்து பையன்கள் வந்தார்கள். என்னை விட அதிகமாகத் தர அவர்கள் தயாராக இருந்தார்கள். நான் நாலு முறை போய்ப் பார்த்துவிட்டு வெறும் கையோடு திரும்பியவள். ஆனாலும் எனக்குத்தான் கொடுத்தார். அவரே ஓட்டி வந்து என் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார். என் ஆசையைப் பார்த்து மனம் இளகிவிட்டார் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் மாதம் ஒரு போன். எடுத்தவுடன் இன்ஜின் எப்படிங்க இருக்கு என்பார். கடைசியில், முடியலைன்னா சொல்லுங்க, நானே எடுத்துக்கறேன் என்பார். இரண்டுக்கும் நடுவில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. என் வீட்டுக்காரருக்கு இது பெரிய வேடிக்கை. "அவங்க மூத்தாள், நீ இளையாள். மூத்தாள் விசாரிக்கத்தான் செய்வாங்க" என்பார். அவருக்கென்ன, தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் தூங்கிக்கொண்டே வேலைக்குப் போய்விடலாம்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் வீடு குன்னூரில் ஒரு இறக்கத்தில் இருக்கிறது. இந்த ஊரில் எல்லார் வீடும் ஏற்றத்திலோ இறக்கத்திலோதான் இருக்கிறது. வண்டியை மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, ரிவர்ஸ் கியரில் போட்டு, முன் டயருக்கு ஒரு கல்லை அணை கொடுப்பது இங்கே எல்லாரும் செய்வது. வண்டி வந்த மறுநாள் காலையில் அப்படி நின்ற வண்டியின் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தேன். கம்பியில் போட்டிருக்கிற கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது ஆயில். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. இவ்வளவுதானா இந்த அம்மாள் பார்த்துக்கொண்ட லட்சணம், பட்டினி போட்டல்லவா ஓட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். அன்றைக்கே ஐந்து லிட்டர் கேன் ஒன்று வாங்கிவந்து, மேல்கோடு வரைக்கும் ஊற்றினேன்.

அன்றிலிருந்து தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் அதே இடத்தில் கம்பியைப் பார்ப்பேன். குறைந்திருந்தால் ஊற்றுவேன். அடுத்த போனில் இதை அவரிடம் நைசாகச் சொல்லியும் விட்டேன். நான் தினமும் காலையில் வாசலிலேயே ஆயில் பார்த்துவிடுகிறேன், ஒரு சொட்டு குறைய விடுவதில்லை, நீங்கள் கொடுத்தபோது ரொம்பக் குறைவாக இருந்தது டாக்டர் என்றேன். அப்படிங்களா என்று மட்டும் கேட்டார் அவர். அன்றைக்குப் பூராவும் நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

ஐந்து மாதத்தில் புகை வந்தது. கேத்தி வளைவில் ஏறும்போது கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் நீலமாக ஒரு திரை. முதலில் பனி என்று நினைத்தேன். பனி நம் பின்னாலேயே வராது. போகப் போக, எனக்குப் பின்னால் வரும் பஸ்காரர்கள் ஹாரன் அடிக்கிற அளவுக்கு ஆயிற்று. ஊற்றுகிற ஆயில் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. நான் இன்னும் கவனமாக ஊற்றினேன்.

மெக்கானிக்கிடம் போனேன். அவர் கம்பியில் கை வைக்கப் போனபோது, காலையில் நானே பார்த்தாச்சு, அளவெல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். என் பேச்சில் இருந்த அதிகாரத்தைப் பார்த்து அவரும் கையை எடுத்துக்கொண்டார். புகையைப் பார்த்தார், பிஸ்டன் ரிங் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார். பிரித்தால் இதற்கு ரிங் இங்கே கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வந்தாலும் பழையபடி ஓடும் என்று எழுதித் தர முடியாது என்றார். அப்புறம், தாங்க முடியாத அந்த வார்த்தையையும் சொன்னார், டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன் என்று.

நான் கேட்பேனா? கேட்டால் தோற்றேன் என்று அர்த்தம். அவர் இருபது வருடம் பிரிக்காமல் ஓட்டியதை இந்த டீச்சர் ஒன்றரை வருடத்தில் பிரிக்க வைத்துவிட்டாள் என்று பங்கிலிருந்து நடுவட்டம் வரைக்கும் பேசுவார்கள். அதை விட, நானே எடுத்துக்கறேன் என்று அவர் வந்து நின்றால் மறுப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் இருக்காது. வண்டி போய்விடும். மறுபடி நான் பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும். போனில், இன்ஜின் ஜம்மென்று இருக்கிறது டாக்டர் என்றே சொல்லிவந்தேன்.

போன மாதம் ஊட்டியில் ஒரு கல்யாணத்துக்கு அவர் வந்தார். மதியம் சாப்பாடு முடிந்ததும் போன் செய்து, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவீங்களா என்று கேட்டார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது. பட்டுப் புடவையும் பெரிய கைப்பையுமாக மண்டப வாசலில் நின்றவர், வண்டியைக் கண்டதும் சிரித்தார். என்னைப் பார்த்தல்ல. பைக்காரா பக்கம் போனோம். நான் ஆக்சிலரேட்டரை மிதித்தும் மிதிக்காமலும் கல்யாண ஊர்வலம்போல் ஓட்டினேன், புகை தெரியாமல் இருக்க. கிளென்மார்கன் பிரிவு வந்ததும், திரும்பும்போது நான் ஓட்டட்டுமா என்று கேட்டார்.

சாவியைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் பார்த்ததைச் சொல்லவே கடுப்பாக இருக்கிறது. என் கையில் முரண்டு பிடிக்கிற இரண்டாவது கியர் அவர் கையில் வெண்ணெயாக விழுந்தது. எந்த வளைவுக்கு எவ்வளவு என்று அவர் கால் யோசிக்காமலே செய்தது. நன்றி கெட்ட வண்டி என்று மனதுக்குள் திட்டினேன். அப்போதுதான் ஏற்றத்தில் அவர் அழுத்த, என் பக்கத்துக் கண்ணாடியில் நீலப் புகை குபுகுபு என்று கிளம்பியது. அவர் கையிலும் புகைகிறது என்று எனக்குள் ஒரு குதூகலம் வந்தது பாருங்கள், அதற்காக இப்போதும் வெட்கப்படுகிறேன். அவரும் புகையைப் பார்த்துவிட்டார். ஊட்டிக்குள் நுழைந்தும் மண்டபத்துக்குத் திரும்பாமல், நேராக லவ்டேல் ஸ்டேஷன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

கால் மணி நேரம் ஆறட்டும் என்றார். பிறகு பானெட்டைத் திறந்து, கம்பியைத் துடைத்து, விட்டு எடுத்துக் காட்டினார். மேல்கோட்டுக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்கு ஆயில் ஏறி நின்றது.

"தட்டைச் சாய்ச்சா ரசம் ஒரு பக்கம் ஓடுமில்லங்க டீச்சர்?" என்றார். "இந்தக் கம்பி இன்ஜினுக்குப் பின்பக்கம் இருக்குது. உங்க ஊட்டு இறக்கத்துல ஆயிலெல்லாம் முன்னால போயிடும். நான் இங்க மட்டுந்தான் பார்ப்பேன். இந்த இடம் ஒண்ணுதான் சமம்."

அளவுக்கு மீறி ஊற்றியதை உள்ளே சுற்றுகிற தண்டு அடித்து நுரையாக்கி, காற்றுக் குழாய் வழியாக மேலே துப்பி, அது எரிந்துதான் புகை. எரிந்து குறைந்ததை நான் மறுநாள் காலையில் நிரப்பியிருக்கிறேன். ரிங் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும் என்றார். நான் இருபத்து மூன்று வருடமாகப் பிள்ளைகளுக்குச் சாய்தளம் நடத்துகிறேன்.

அவர் கைப்பையைத் திறந்து, மருந்துக்கடைக் கவர் ஒன்றை எடுத்தார். உள்ளே, நோயாளிக்கு மூக்கு வழியாகக் கஞ்சி கொடுக்கிற நீள ட்யூப், ஒரு பெரிய சிரிஞ்சு, கையுறை. கம்பி போகிற துளையில் ட்யூபை விட்டு, சிரிஞ்சால் இழுத்து இழுத்து, டிக்கியில் கிடந்த என் ஆயில் கேனிலேயே ஊற்றினார். முப்பது தடவைக்கு மேல் இருக்கும். பட்டுப் புடவையில் ஒரு சொட்டு படவில்லை. முடிந்ததும் சாவியை என்னிடம் நீட்டினார்.

கோயமுத்தூர் திரும்ப அவரைக் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் விட வேண்டும். கேத்தி தாண்டும்போது புகை மெலிந்து, பிறகு அடியோடு நின்றுவிட்டது. எனக்கு அழுகை வந்தது. கூடவே மண்டையில் ஒன்று உறுத்தியது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கல்யாணத்துக்கு வருகிறவர் பையில் ட்யூபும் சிரிஞ்சும் எதற்கு என்று கேட்டேன்.

அவர் முன்னால் பார்த்தபடியே சொன்னார். "போன வருஷமே தெரியுங்க. ஊட்டு வாசல்ல தினம் ஆயில் பார்க்கறேன்னு சொன்னீங்க பாருங்க, அன்னைக்கே. அந்த இறக்கத்து வாசல்ல வண்டியைக் கொண்டாந்து விட்டவளே நான்தானே."

போனை வைத்ததும் திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லிவிடத்தான் நினைத்தாராம். கை போகவில்லையாம். புகை வந்தால் நான் பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று மாதாமாதம் போன் போட்டுக் காத்திருந்தாராம். பெங்களூர்ப் பையன்களுக்குக் கொடுக்காததும் அதனால்தான். அவர்களிடம் போனால் திரும்பாது, ஒரு டீச்சரிடம் கொடுத்தால் ஆறு மாதத்தில் திரும்பிவிடும் என்ற நினைப்பு. இதையெல்லாம் ஒரு கேஸ் விவரம் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்.

அப்படியானால் இன்றைக்கு மட்டும் எதற்குச் சொன்னீர்கள் என்றேன். என் குரல் நன்றாக இல்லை.

"இன்னைக்கும் சொல்றதா இல்லீங்க. ட்யூபை வாங்கிப் பையில போட்டுட்டு, வேண்டாம்னுதான் ஏறினேன்" என்றார். "இன்னும் ரெண்டு மாசம் வாயை மூடிட்டு இருந்தா வண்டி எனக்கு வந்திருக்கும். ஆனா அதுக்குள்ள இன்ஜின் போயிருக்கும். அந்தப் புகையைப் பார்த்துட்டு என்னால இருக்க முடியலைங்க."

திட்டுவதற்கு நிறைய வார்த்தைகள் தயாராக இருந்தன. ஆனால் வண்டியைத்தான் எடுத்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர், இனி இது உங்களோடதுதாங்க என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்க் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். இன்ஜின் போனால் போகட்டும், அவள் கையில் மட்டும் ஓடக் கூடாது என்று பேசாமல் இருந்திருப்பேன். அந்த அம்மாளை நினைத்து எத்தனையோ நாள் என் வயிறு எரிந்திருக்கிறது. அன்றைக்கு எரிந்த மாதிரி எரிந்ததில்லை.