முழங்கால் ஆழம்

வீட்டுக்குள் குழி வெட்டியவள் என்று என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆமாம், வெட்டினேன். பட்டப்பகலில் வெட்டினேன்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டபோது எங்கள் லயத்து வீடுகளைப் பிரித்து, எல்லாரையும் தோட்டத்து ஆபீஸுக்குப் பக்கத்து மேட்டில் முள்வேலிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடுவோமாம். எங்கள் உலைக்கே அரிசி போதவில்லை, இதில் தானம் வேறு! பழைய வீட்டுக்கு அத்தாப்பு ஓலைக் கூரை, சுற்றிலும் ரப்பர் மர நிழல். புது வீட்டுக்குத் தகரம். யாரும் மறைந்து வரக்கூடாதென்று வேலியைச் சுற்றி இருந்த மரங்களையும் சாய்த்துவிட்டார்கள். மத்தியானத்தில் அந்தத் தகர வீட்டுக்குள் மனுஷர் இருக்க முடியாது.

என் மகளுக்கு அப்போது நாலு மாதம். உடம்பெல்லாம் வேர்க்குரு, பால் குடிக்க மறுத்தாள். ஒரு நாள் வலிப்பு வந்து கண் செருகிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் பார்த்துவிட்டு, "புள்ளைய குளிர்ச்சியா வச்சிரு. இன்னொரு தடவ இழுத்துச்சுன்னா தாங்காதும்மா" என்றார். சொல்லிவிட்டார் மகராசன், எங்கே வைப்பது? கோலா கெத்தில் டவுனில் ஐஸ் வாங்கி வந்தாலும், வேலிக் கேட்டில் சோதனைக்கு நிற்கும்போதே கரைந்துவிடும்.

ரப்பர் பால் வெட்டும் வேலைக்கு மாறுவதற்கு முன் எனக்குக் குழிவெட்டு வேலை. மழைத்தண்ணீர் மண்ணை அரித்துப் போகாமலிருக்க, மர வரிசைகளுக்கு நடுவே குழி வெட்டுவோம். மேல்மண் காலைச் சுடும் வெயிலிலும், முழங்கால் ஆழம் இறங்கியதும் பாதம் சில்லென்று ஆகும். மழை பெய்த காலையில் அதே ஆழம் வெதுவெதுப்பாக இருக்கும். மேலே என்ன கூத்து நடந்தாலும் கீழே மண் தன் பாட்டுக்கு இருக்கும். இது என் காலுக்குத் தெரியும்.

சுவரோரம் தொட்டில் அளவுக்கு வெட்ட ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்று வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்த வீட்டு அக்கா ஓடி வந்தாள்.

"உசுரோட இருக்குற புள்ளைய எவளாச்சும் குழியில படுக்க வப்பாளா? இது தெய்வத்துக்கு அடுக்குமா?"

அவள் தன் கைக்குழந்தையைப் புதைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "மேல வச்சா செத்துருவா. நீ போக்கா" என்று சொல்லிவிட்டு மண்ணை அள்ளினேன்.

முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மெத்தென்று இருக்கட்டும் என்று ஆற்று மணலைக் காயவைத்துச் சலித்துக் குழியில் கொட்டினேன். பிள்ளை முதுகெல்லாம் வேர்வையில் நனைந்து வீறிட்டாள். காய்ந்த மணல் கம்பளி மாதிரி, உடம்புச் சூட்டைக் கீழே போகவே விடவில்லை. அத்தனையையும் வாரி எறிந்தேன். களிமண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, இடுக்கு இல்லாமல் அடித்து இறுக்கி, மேலே பாயை விரித்தேன். ஈரக் களிமண் சூட்டை வாங்கி அடிமண்ணுக்கு அனுப்பிவிட்டது. அன்று மத்தியானம் அவள் நெடுநேரம் தூங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

பத்து நாள் கழித்து அரிசி தேடி வந்தார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி, துப்பாக்கியோடு இரண்டு போலீஸ்காரர்கள். வீடு வீடாகத் தரையில் இரும்புக் கம்பியைக் குத்திப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் கம்பிக்கு வேலையே இல்லை. குழி திறந்து கிடந்தது, உள்ளே என் மகள்.

துரை சொன்னதைக் கிராணி தமிழில் சொன்னார். "இன்னிக்கு புள்ளைய வப்ப, நாளைக்கு அரிசி மூட்டைய வப்ப. இப்பவே மூடச் சொல்றாரு லா."

"சப்பாத்தக் கழட்டிட்டு எறங்கிப் பாருங்கய்யா" என்றேன்.

என்ன நினைத்தாரோ, கிராணி கழற்றினார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். குழிக்குள் நின்று கூரைத் தகரத்தை நிமிர்ந்து பார்த்தார். வேர்வையைத் துடைத்தார். ஏறி வர அவருக்கு மனசே இல்லை. பிறகு துரையிடம் இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னார். துரை முடியாது என்று தலையை ஆட்டினார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? பிள்ளையைத் திரும்பவும் குழியில் படுக்க வைத்தேன். மண்வெட்டியை எடுத்து அவர்கள் முன்னால் நீட்டினேன்.

"மூடுங்க. புள்ளையோட சேத்து மூடுங்க. நான் தூக்க மாட்டேன்."

ஒருவரும் வாங்கவில்லை. வாசலில் நின்ற அக்கா உள்ளே வந்து, என் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினாள். இவளே மூடிவிடுவாளோ என்று பிள்ளைமேல் குனிந்தேன். அவள் நேராகத் தன் வீட்டுக்குப் போனாள். அவளுக்கு இன்னும் ஒரு பிள்ளை மிச்சம் இருந்தது, இரண்டு வயதுப் பையன். கொஞ்ச நேரத்தில் அங்கே தரையை வெட்டும் சத்தம் கேட்டது.

ஒரு வாரத்துக்குள் மூட வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுத் துரை போனார். வாரங்கள் போயின. வேலையை விட்டு நிறுத்துவோம் என்றார்கள். நிறுத்துங்கள் என்றேன். அதற்குள் கைப்பிள்ளை இருந்த வீடுகளிலெல்லாம் குழி வந்துவிட்டது. எத்தனை பேரைத்தான் நிறுத்துவார்கள்?

மகளுக்கு ஒரு வயது நெருங்கியது, வலிப்பு திரும்ப வரவேயில்லை. ஒரு நாள் மத்தியானம் அவள் குழி விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றாள். ஒரு காலைத் தூக்கி மேலே போட்டு, முக்கி முனகி, தானே ஏறி வெளியே வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் மண்வெட்டியை எடுத்து நானே மூடினேன்.