வேர்க்குரு பவுடர்

போன வருடம் ஏப்ரல் மாதம், ஹைதராபாத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்த சமயம். நாங்கள் குடும்பத்தோடு இங்கே மெட்டுகுடா பகுதியில் இருக்கிறோம். நான் ஏ.சி. மெக்கானிக். ஐ.டி.ஐ.யோடு என் படிப்பு முடிந்தது. இங்கே ஒரு பல்கலைக்கழகம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து, சிப் தயாரிக்கும் வேலைக்கு ஆட்களைப் பழக்க ஆறு மாத வகுப்பு ஆரம்பித்தது. நாற்பத்திரண்டு வயதில் நானும் போய்ச் சேர்ந்தேன்.

சிப் என்றால், குழந்தைகளே, உங்கள் வீட்டு செல்போனுக்குள் இருக்கும் சின்னச் சில்லு. அதைச் செய்யும் அறையில் கண்ணுக்குத் தெரியாத தூசி விழுந்தாலும் வேலை கெட்டுவிடும். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். "மேக்கப், பவுடர், சென்ட் எதுவும் கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அது பெண்பிள்ளைகளுக்குச் சொன்னது என்று நான் நினைத்துக்கொண்டேன். வேர்க்குருவுக்காகக் குளித்ததும் கழுத்தில் நான் கொட்டிக்கொள்வது மருந்துதானே?

இருவர் இருவராக வேலை. என்னோடு இருந்தது பழைய நகரத்திலிருந்து வரும் ஒரு கல்லூரிப் பெண். நாங்கள் செய்த சிலிக்கான் தட்டு, சோதனைக்காக அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியது. வெயில் இன்னும் ஏறிய ஒரு நாள், உள்ளே போன கொஞ்ச நேரத்தில் தூசி எண்ணும் கருவி அலற ஆரம்பித்தது. எல்லோரையும் வெளியே வரச் சொன்னார்கள். தட்டு வீண்.

பாடம் நடத்தும் சார் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தார். "காஜல் மையா?"

"நஹி சார், நான் போடறதே இல்ல. துடைச்சு வேணா பாருங்க."

"பார்த்தா அப்படித் தெரியலையே. நாளையிலேர்ந்து நீ கண்ணாடிச் சுவருக்கு வெளியே நில்லு."

உள்ளே வேலை செய்த நாட்கள் குறைந்தால் சான்றிதழ் கிடையாது. அவள் பையின் ஜிப்பை இழுத்தாள்; எத்தனை இழுத்தும் அது மூடவே இல்லை.

நான் உடுப்பைக் கழற்றினேன். காலரின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு. யாரும் பார்க்கவில்லை. ஒரு தட்டு தட்டினால் போய்விடும். தட்டக் கையும் வைத்துவிட்டேன். எதிரே அவள் இன்னும் அந்த ஜிப்போடு போராடிக்கொண்டிருந்தாள்.

உடுப்போடு சாரிடம் போனேன். "சார், இது என் பவுடர். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல."

அவர் காலரை விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். "இத்தனை வருஷம் ஏ.சி. ஃபில்டர் கழுவின ஆளாய்யா நீ?"

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சார் எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். கண்ணாடிக்கு வெளியே இரண்டு வாரம் நின்றது நான். சான்றிதழும் அடுத்த பேட்ச்சோடுதான் கிடைத்தது.

மறுநாள் அவள் என்னைப் பார்த்து, "அங்கிள், உங்களுக்கு மேக்கப் போட்டாலும் எடுபடாது" என்றாள். பிறகு உள்ளே போய், ஒவ்வொரு வேலையையும் எனக்குத் தெரிகிற மாதிரி கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்று செய்தாள்.

இப்போதெல்லாம் ஏதாவது தப்பு நடந்து யாரையாவது கேள்வி கேட்கும்போது, என்னை அறியாமல் என் கை முதலில் என் காலருக்குத்தான் போகிறது.