வசந்தா அக்காவைக் கேரவனில் ஏற்ற நூற்று நாற்பது படங்கள்

பொங்கல் விடுமுறைக்கு அடுத்த ஞாயிறு, காலை ஐந்தே காலுக்கு அம்பத்தூரிலிருந்து கிளம்பினோம். நானும் என் ஹவுஸ் ஓனர் தனசேகர் அண்ணனும். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவர், பதினொரு மாத ஞாயிறுகளைப் போட்டு ஒரு கேரவன் கட்டியிருந்தார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற சின்ன வீடு. உள்ளே இரண்டு பேருக்கு மெத்தை, அடுப்பு, மின்விசிறி. பதிவு, அனுமதி எல்லாம் வாங்கியாயிற்று. திருமண நாளுக்கு அதில் ராமேஸ்வரம் போக அவருக்கு ஆசை. மனைவி வசந்தா அக்காதான் ஏற மாட்டேன் என்றுவிட்டார்.

"ஊட்ல இல்லாத சுகம் அந்தத் தகர டப்பால இன்னா கீது?" இதுதான் அக்காவின் கேள்வி.

"தம்பி, ஏரி, மரம்லாம் பின்னால வெச்சி ஜோரா படம் எட்து குடு. பாத்தவொடனே அவளே ஏறிக் குந்திக்கணும்" என்றார் அண்ணன். என் கேமராவை நம்பி ஒருவர் குடும்ப விஷயத்தையே ஒப்படைக்கிறார் என்றால் பெருமை வராதா?

முதலில் செம்பரம்பாக்கம் ஏரி. பூந்தமல்லி வழியாக ஐம்பது நிமிடம். கரைமேல் வண்டியை ஏற்றாமல், தண்ணீர் தெரிகிற ஒரு மேட்டில் நிலத்துக்காரரிடம் கேட்டு நிறுத்தினோம். ஏழு மணி வெயில் வண்டியின் வெள்ளைப் பக்கத்தில் அழகாக விழுந்தது. கதவைத் திறந்து வைத்து ஃபோகஸ் செய்வதற்குள் ஒரு பைக் வந்து நின்றது.

"அண்ணாத்தே, இட்லி ரெடியாய்டுச்சா?"

"இது ஓட்டல் இல்ல நைனா."

"அப்ப டீ மட்டுந்தானா?"

பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். நான் ஃபிரேமிலிருந்து தள்ளிப் போகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். அண்ணனோ அடுப்பைப் பற்றவைத்து மூவருக்கும் டீ போட்டுக் கொடுத்து, காசு வேண்டாம் என்று அனுப்பினார்.

அடுத்து பூண்டி. நெமிலிச்சேரி, திருவள்ளூர் வழியாக நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை மணி நேரம். வழியில் இரண்டு பேருக்கும் டிபன் 190 ரூபாய். நீர்த்தேக்கம் நிரம்பிக் கிடந்தது. "இன்னும் கொஞ்சம் லெஃப்ட்" என்று நான்கு முறை ரிவர்ஸ் எடுக்க வைத்தேன். கேரவனுடன் ரிவர்ஸ் என்பது பெரும்பாடு. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் அது எதிர்ப்பக்கம் போகும். மனிதர் முகம் சுளிக்கவில்லை.

பதினொன்றரைக்கு வெயில் சுள்ளென்று ஏறியதும், மூன்று மணிவரை காத்திருக்கலாம் என்று மரத்தடியில் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் கேரவன் கதவுக்கு வெளியே இரண்டு கால்கள். அண்ணன் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். சும்மா ஒரு கிளிக். படம் கோணல், தண்ணீரும் இல்லை. அழித்துவிடலாம் என்றிருந்தேன்.

சாயங்காலம் வீட்டில் அக்கா மொச்சை உரித்தபடியே படங்களைப் பார்த்தார். "தண்ணி நெறைய கீது." "மரம்லாம் பச்சப்பசேல்னு கீது." கேரவனைப் பற்றி மூச்சில்லை. அண்ணன் வாசலில் நின்று துடைத்த கையையே துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது, படங்களை வேகமாகத் தள்ளினேன்.

"நில்லு. பின்னால போ." அந்தக் கோணல் படம். அக்கா மொச்சையைக் கீழே வைத்தார். "கண்ணாலம் ஆயி இருவத்தாறு வருசம் தம்பி. இந்த மனுசன் பகல்ல படுத்து நான் பாத்ததே இல்ல."

பிறகு வாசலைப் பார்த்து, "இன்னாயா, அதுல அப்டியா தூக்கம் வர்து?"

"நல்லா காத்து வர்து வசந்தா."

"ராமேஸ்வரம் என்னிக்குப் போறோம்?" என்று கேட்டுவிட்டு மறுபடி மொச்சையை எடுத்துக்கொண்டார்.

மற்ற நூற்று முப்பத்தொன்பது படங்களுக்காக எனக்குக் கொஞ்சம் கடுப்பு. அதைவிடப் பெரிய சந்தோஷம்.

போகிறவர்களுக்கு: விடியுமுன் கிளம்புங்கள், பத்து மணிக்கு மேல் வெளிச்சம் உதவாது. டீசல் எங்களுக்கு 1,350 ரூபாய் ஆனது. நிலத்துக்காரரிடம் கேட்டு நிறுத்துங்கள். கையில் பால் இல்லையென்றால் கதவைச் சாத்தியே வையுங்கள். வீட்டில் காட்டும்வரை எந்தப் படத்தையும் அழிக்காதீர்கள்.

போன மாதம் ராமேஸ்வரத்திலிருந்து அக்கா எனக்கு ஒரு படம் அனுப்பினார். பாதியை அவர் விரலே மறைத்திருக்கிறது. கடல் ஓர் ஓரத்தில்கூட இல்லை. மீதிப் பாதியில் அண்ணன் தூங்குகிறார்.