கண்ணாடிக்காரர் வீட்டில் மாட்டிய கண்ணாடி

சீனத்து வாஸ்துவான ஃபெங் சுயி என்ற சொல் கண்ணாடிக்காரர் வாயில் ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை. ஆனால் அவர் கடைக்குப் பாதி வேலை அதனால்தான் வந்தது. ஆலோசகர் அம்மாள் ஒருவர் வீடு வீடாகப் போவார். சாப்பாட்டு மேஜைக்கு எதிரே கண்ணாடி மாட்டுங்கள், தட்டில் இருப்பது இரண்டாகத் தெரியும், வீட்டில் குறைவே வராது என்பார். வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடவே கூடாது என்பார். அவர் அந்தப் பக்கம் போனதும், இவர் டேப்பும் டிரில்லுமாக வந்து நிற்பார்.

இவர் வீட்டில் நடந்தது என்ன? அறை சின்னது. மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இரண்டு நாற்காலியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புருஷனும் பெண்டாட்டியும் சுவரைப் பார்த்தபடிதான் சாப்பிட்டார்கள்.

மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. தலைமையாசிரியர் தும்மினால்கூட அது கதையாக வீட்டுக்கு வந்துவிடும். இவர் தட்டிலேயே கண்ணாக இருந்து ‘ம்’ கொட்டுவார்.

"ஊர்ல எல்லார் வீட்டுக்கும் மாட்டுறீங்க, நம்ம சுவர் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? எதிர்ல ஒரு கண்ணாடி இருந்தா, நீங்க கேக்குறீங்களா தூங்குறீங்களான்னாவது தெரியும்."

"நாளைக்கு மாட்டிடுறேன்."

அந்த நாளை பத்தொன்பது வருஷம் ஓடியது. எவ்வளவு நல்ல வருஷங்கள்! அந்தப் பேச்சும் சிரிப்பும் அப்படியே இருந்துகொண்டிருக்கும் என்று மனுஷன் நினைத்துவிட்டார். எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் கண்ணை மூடினாள். அதிலிருந்து அவர் மேஜைப் பக்கமே போகவில்லை. அடுப்படியில் நின்றபடி, பாத்திரத்திலிருந்தே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார்.

மகள் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"பாதியா இளைச்சுட்டீங்கப்பா. அடுத்த ஞாயித்துக்கிழமை வருவேன். மேஜையில உட்கார்ந்து மனுஷனா சாப்பிடணும். இல்லைன்னா வீட்டைப் பூட்டிட்டு என்கூடக் கிளம்பணும்."

அந்த வீட்டை விட்டுப் போவதா? மேஜையில் உட்காரத்தான் வேண்டுமென்றால், அவள் கேட்ட கண்ணாடியாவது எதிரே இருக்கட்டும் என்று நினைத்தார். சனிக்கிழமை கடையில் மிச்சம் கிடந்த துண்டு ஒன்றை எடுத்து, விளிம்பைத் தேய்த்து, வீட்டுக்குக் கொண்டுவந்தார். அகலம் தாராளம், உயரம் ஒரு சாண்தான். மற்ற வீடுகளில் அந்த வீட்டு அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, கண் மட்டத்துக்குச் சுவரில் பென்சிலால் கோடு போடுவார். இங்கே உட்கார யாரும் இல்லை. கை தானாகப் போய்க் கோடு போட்டது. மாட்டி முடித்துவிட்டு உட்கார்ந்து பார்த்தால், சட்டைப் பொத்தான் தெரிந்தது, தாடை தெரிந்தது. அதற்கு மேலே சுவர்.

முப்பது வருஷத் தொழிலில் ஒரு விரல்கடை பிசகாதவர். அவமானமாகப் போய்விட்டது. அன்றைக்கும் அடுப்படியில் நின்றுதான் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த மகள், அவரைக் கட்டாயப்படுத்தி உட்காரவைத்தாள். கண்ணாடியைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னப்பா, தலையையே காணோம்! வயசாயிடுச்சு உங்களுக்கு."

சொல்லிக்கொண்டே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாவின் நாற்காலி. அம்மாவின் உயரம் அவளுக்கு. கண்ணாடியின் நட்டநடுவில் அவள் முகம் வெட்டி வைத்ததுபோல் வந்து நின்றது. சிரிப்பு நின்றுபோயிற்று.

"உங்கம்மாவுக்கு அளவு வச்சுட்டேன்போல இருக்கும்மா" என்றார் அவர்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏத்தி மாட்டணுமாப்பா?"

"வேண்டாம். இருக்கட்டும்."

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு முதுகை வளைத்து, தன் முகமும் அந்த முகத்துக்குப் பக்கத்தில் தெரிகிற அளவுக்குக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.