கச்சான் வெட்டையில் ஒரு மறைப்பு

வன்னி ஜெயபுரத்தில் கச்சான் கடலை பிடுங்க ஆள் வேண்டுமென்றால் முதலில் சிவலட்சுமியைத்தான் தேடி வருவார்கள். அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள் கொண்ட கூட்டம் அது. சிவலட்சுமிக்கு வயது ஐம்பத்துநாலு, உடம்பு ஒல்லி, குரலை மட்டும் பத்துப் பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். காணியை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாலே எத்தனை நாள் வேலை என்று சொல்லிவிடுவாள். சொன்ன நாளைத் தாண்டியதில்லை. காணிக்காரர் யாராவது நொட்டை சொன்னால், "அப்ப நீங்களே பிடுங்குங்கோ ஐயா" என்று கையை உதறிவிட்டு நிற்பாள். அப்படி நின்ற நாளெல்லாம் இறங்கி வந்தது காணிக்காரர்தான்.

அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. சொல்லக் கொஞ்சம் கூச்சமான பெருமைதான், ஆனால் அவளே ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததை நாம் ஏன் மறைக்க வேண்டும்? காலை ஆறரைக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டால், பின்னேரம் நாலரைக்குத் திரும்பும்வரை அவள் ஒரு தடவைகூட ஒண்டுக்குப் போகமாட்டாள். இருபது வருசப் பழக்கம். நிரையை விட்டு எவளாவது எழும்பிப் போனால், "என்னடி, கிணறு நிரம்பிட்டுதோ?" என்று வெட்டை முழுக்கக் கேட்கக் கத்துவாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். போனவள் அடுத்த நாள் போகமாட்டாள்.

முன்பென்றால் காணி ஓரத்தில் பற்றைகளாவது இருந்தன. அவர்கள் வழமையாகப் பிடுங்கும் காணியை அதன் சொந்தக்காரர் சிற்றம்பலத்தார் துப்புரவாக்கி வேலி போட்ட பிறகு அதுவும் இல்லை. ஒரு பக்கம் கம்பிவேலி, மறுபக்கம் டிப்பர் லொறி ஓடுகிற கிரவல் றோட்டு, நடுவில் ஒரு மரம்கூட இல்லாத வெட்டை. ஆகவே பெண்கள் தங்களுக்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். காலையில் குடிக்கிற தேத்தண்ணியோடு சரி. பிறகு தாகம் எடுத்தால் தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்புவார்கள், விழுங்கமாட்டார்கள். சிவலட்சுமிக்கு இது தெரியும். நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தாள்.

ஓகஸ்ட் மாதம், காற்றும் நெருப்பாய் அடித்த ஒரு நாள். பதினொரு மணிபோல வடிவம்மா நிரையில் பின்தங்கத் தொடங்கினாள். வடிவம்மாவுக்கு அறுபத்தொரு வயது. மலைநாட்டிலிருந்து சின்ன வயதில் பெற்றோரோடு வன்னிக்கு வந்தவள். சிவலட்சுமியின் பக்கத்துக் காணிக்காரி. சிவலட்சுமியின் புருசன் செத்த வருசம், மூன்று மாதம் அவள் வீட்டு அடுப்பையும் சேர்த்து எரித்தவள். கூடப்பிறந்தவள் இல்லாத குறையை அவளால்தான் சிவலட்சுமி மறந்திருந்தாள்.

"என்ன வடிவக்கா, நித்திரையோ?" என்று சிவலட்சுமி குரல் கொடுத்தாள். திரும்பிப் பார்த்தால், வடிவம்மா கச்சானை விட்டுவிட்டுப் புல்லைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பினாள், தள்ளாடினாள், அப்படியே குந்திவிட்டாள்.

சிவலட்சுமி ஓடிப்போனாள். வடிவம்மா அவளை நிமிர்ந்து பார்த்து, "லயத்துப் பீலியில தண்ணி வந்திட்டுதா?" என்று கேட்டாள். ஐம்பது வருசத்துக்கு முன்னால் விட்டு வந்த தேயிலைத் தோட்டத்துத் தண்ணீர்ப் பீலி!

"பிரஷர் ஏறிட்டுது அக்கா," என்றாள் சுமித்திரா. கூட்டத்தில் வயது குறைந்தவள், பதற்றம் கூடியவள். "தேசிக்காய் மணக்கக் குடுப்பம். கொஞ்சம் படுத்தாச் சரியாகும்."

சிவலட்சுமி அவளைக் கவனிக்கவில்லை. வடிவம்மாவின் கண்கள் உள்ளே போயிருந்தன. உதடு வெடித்து, நாக்கு ஈரமில்லாமல் ஒட்டிக் கிடந்தது. நாடி படபடவென்று ஓடியது. நெஞ்சுத் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளிய மடிப்பு உடனே விழாமல் அப்படியே நின்றது. இந்தத் தோலை அவளுக்குத் தெரியும். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் வயித்தாலை போய் வற்றிப்போன குழந்தைகளுக்கு ஜீவனி உப்புத்தூள் கரைத்துக் கொடுக்கிற வேலை அவளுக்குத்தான். அங்கே நூறு குழந்தைகளிடம் இதைப் பார்த்திருந்தாள். வயித்தாலை போகாத ஒரு பெரிய மனுசியிடம் பார்ப்பாள் என்று நினைத்ததே இல்லை.

"இவா இண்டைக்குச் சலம் போனவாவோ?" என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டாள்.

வடிவம்மாவுக்குப் பக்கத்து நிரையில் பிடுங்குகிற நேசமலர்தான் வாய் திறந்தாள். "நேற்றுப் பின்னேரம் கொஞ்சம் போனதாம். தேத்தண்ணிச் சாயம் மாதிரி, எரிவாம். உங்களிட்டச் சொல்ல வேண்டாம் எண்டவா."

சிவலட்சுமியின் கை நிற்கவில்லை. மூட்டை ஏற்ற நின்ற வீரபாகுவின் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டி நிழலுக்கு வடிவம்மாவைத் தூக்கிப்போய்க் கிடத்தினார்கள். ஒருத்தி சீலைத்துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள், இன்னொருத்தி விசிறினாள். "1990 அம்புலன்சுக்குப் போன் அடி. மாறாட்டமாக் கதைக்கிறா எண்டு சொல்லு. மாறாட்டம் வந்தா வீட்டில வச்சுப் பாக்கிற வருத்தமில்லை," என்று சுமித்திராவிடம் சொல்லிவிட்டு, தேத்தண்ணிக்குக் கொண்டுவந்த சீனிப் பேணியைத் திறந்தாள். ஒரு லீற்றர் போத்தில் நிறையக் கொதித்தாறிய தண்ணீர் இருந்தது. தலை தட்டி ஆறு தேக்கரண்டி சீனி, சோத்துப் பையில் இருந்த உப்பில் அரைத் தேக்கரண்டி.

"பிரஷர்காரிக்கு உப்போ?" என்று சுமித்திரா போனைக் காதில் வைத்தபடியே அலறினாள்.

"உப்பைக் குறைக்கச் சொன்னது சோத்துக்கடி. இது போன உப்பைத் திருப்பிக் குடுக்கிறது. அளவு தப்பாட்டி ஒண்டும் செய்யாது." போத்திலைக் குலுக்கித் தன் நாக்கில் ஒரு துளி விட்டுப் பார்த்தாள். கண்ணீரைவிட உப்புக் கூடப்படாது என்று முகாமில் ஒரு தாதி சொல்லிக் கொடுத்திருந்தாள். வடிவம்மாவை நிமிர்த்தித் தோளில் சாய்த்து, முதலில் ஒரு கரண்டி கொடுத்து விழுங்குகிறாளா என்று பார்த்தாள். விழுங்கினாள். பிறகு ஒரு மடக்கு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு மடக்கு. "அவதிப்படாதேங்கோ அக்கா, கரண்டி கரண்டியா," என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்புலன்ஸ் வெட்டைக்குள் வராது என்று தெரிந்ததும், லாண்ட்மாஸ்டர் பெட்டியிலேயே றோட்டுவரை கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். வடிவம்மாவின் குளிசைப் பையைச் சிவலட்சுமி மறக்காமல் வீட்டிலிருந்து எடுப்பித்திருந்தாள். அதைப் பார்த்த டொக்டர் ஒரு குளிசையைத் தனியாக எடுத்துக் காட்டினார். "இது சலத்தைப் போக்கிற குளிசை. இதைப் போட்டுக்கொண்டு, தண்ணி குடியாம வெயிலுக்க நிண்டிருக்கிறா. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா சிறுநீரகம் கைவிட்டிருக்கும்." எந்தக் குளிசையை எப்போது திரும்பத் தொடங்குவது என்று தான் சொல்வதாகவும், அவர்களாக நிறுத்தவோ போடவோ வேண்டாம் என்றும் சொன்னார்.

பின்னேரம் வடிவம்மாவுக்குத் தெளிவு வந்தது. கட்டிலோரம் இருந்த சிவலட்சுமியைக் கண்டு சிரித்தாள்.

"ஏன் அக்கா தண்ணி குடிக்கேல்லை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

வடிவம்மா கோபமில்லாமல்தான் சொன்னாள். "நேற்று ஒருக்கா எழும்பினனான் லட்சுமி. நீ பாத்தனீ. இருந்திட்டன்."

சிவலட்சுமிக்கு அவமானம் உச்சந்தலையில் ஏறியது. சிரிக்க ஒரு பகிடி என்றுதான் இத்தனை வருசமும் நினைத்திருந்தாள். அந்தப் பகிடிக்குப் பயந்து அக்கா செத்துப்போகப் பார்த்தாளே என்று நினைக்க, கண்ணில் நீர் முட்டியது. வடிவம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை, கூட்டம் வெட்டையில் நின்றது. ஒரு கொடியும் பிடுங்கப்படவில்லை. சிற்றம்பலத்தார் மோட்டார் சைக்கிளில் வந்தார்.

"என்ன சிவலட்சுமி, வேலை தொடங்கேல்லையோ?"

"காணி மூலையில குழி வெட்டி, கிடுகால மறைப்புக் கட்டித் தாங்கோ ஐயா. ஒரு வாளித் தண்ணியும் வையுங்கோ."

"இவ்வளவு காலமும் இல்லாத மறைப்பு இப்ப என்னத்துக்கு?"

"அப்ப நீங்களே பிடுங்குங்கோ ஐயா."

மத்தியானத்துக்குள் நாலு தடி நட்டு, தென்னோலைக் கிடுகு கட்டி, வாளியும் வந்துவிட்டது.

அடுத்த நாள் சிவலட்சுமி மணிக்கொரு தடவை "தண்ணி!" என்று கூப்பிட்டாள். குடித்தார்கள், ஆனால் பயந்து பயந்து. ஒவ்வொருத்தியும் மறைப்பை ஓரக்கண்ணால் பார்த்தாள், ஒருத்தியும் எழும்பவில்லை. இருபது வருசச் சிரிப்பு ஒரு கிடுகு மறைப்புக்குப் போய்விடுமா?

பத்து மணிக்குச் சிவலட்சுமி தன் போத்திலில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தாள். கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். நிரை நடுவில் எழும்பி நின்று, றோட்டில் போகிற டிப்பர்காரனுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "நான் ஒண்டுக்குப் போறன்."

அவள் பத்தடி நடந்திருப்பாள். பின்னாலிருந்து நேசமலரின் குரல், கொஞ்சம் நடுங்கியபடி வந்தது.

"என்ன அக்கா, கிணறு நிரம்பிட்டுதோ?"

"ஓமடி, நிரம்பிட்டுது!" என்று சிவலட்சுமி திரும்பிப் பாராமலே கத்தினாள். சிரிப்பு வெடித்தது. எல்லாரையும்விட அவள்தான் உரக்கச் சிரித்தாள்.

அவள் வெளியே வந்தபோது மறைப்புக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். முதல் ஆளாய் நின்றவள் சுமித்திரா.